உட்கார்ந்தபடி ஒட்டிய எஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதுவது. நலமறிய ஆவல் என்று ஒரே வரியில் முடிக்க மாட்டேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அப்பாவின் இருமல் நின்றதா, தனித்தனியாகப் பதில் போடு.

ஓட்டல் சலவைப் பிரிவில் எங்களுக்கு வேலை முடிந்ததும் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. வாத்தியார் நம் பாஷைக்காரர்தான். தப்பாகச் சொன்னவர் சரியாகச் சொல்லும்வரை நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். வேறு ஒருவரைப் பற்றிச் சொன்னால் வினைச்சொல்லின் வாலில் எஸ் என்ற எழுத்தை ஒட்ட வேண்டுமாம். நேற்று, 'என் அம்மா துணி தைக்கிறாள்' என்று சொல்லும்போது அதை விட்டுவிட்டேன். எழுந்து நிற்கச் சொன்னார்.

நான் எழுந்திருக்கவில்லை. "சார், காலையிலேருந்து இஸ்திரி மேஜை முன்னாடி நின்னுட்டுதான் வரேன். எஸ்ஸ உக்காந்தே ஒட்டறேன்" என்றேன்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்மா" என்றார்.

"அப்ப எல்லாரும் உக்காரட்டும் சார்."

ஏற்கெனவே நின்றிருந்த இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு உன்னைப் பற்றி எஸ்ஸோடு சரியாகவே சொன்னேன், உட்கார்ந்தபடி.

'வாயை அடக்குடி' என்பாய். வாயை அடக்கலாம், கால் கேட்காது. வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

கால் வீக்கத்துக்கு, நீ முழங்காலில் தேய்க்கிற அந்தத் தைலம் அனுப்பு. உன் பழைய புடவையில் ஒரு தலையணை உறையும் தைத்து அனுப்பு. இங்கே உறைக்குப் பஞ்சமில்லை, நாள் முழுக்க அதைத்தான் தேய்க்கிறேன். இருந்தாலும் அனுப்பு.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. புடவையைத் துவைத்துவிடாதே.

உன் மகள்