ஐந்தாம் மாடிக் கதவு

ஷிபாம்,
4 பிப்ரவரி 1989

அன்புள்ள அவத் அண்ணனுக்கு, தம்பி கராமா ஸலாம் சொல்லி எழுதுவது.

ஜித்தாவில் நீங்களும் மகள் நூரியாவும் சுகந்தானே? இங்கே எல்லோரும் சுகம். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குத்தான் சுகமில்லை. உங்கள் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு பூசி நான்கு வருடமாகிறது. போன மாதத் தூறலுக்கே ஐந்தாம் மாடியில் எங்கள் பக்கம் ஈரம் இறங்கிவிட்டது. மண் வீடு, உங்களுடையது உட்கார்ந்தால் என்னுடையதும் உட்காரும். உங்கள் வீட்டு மரச் சாவியை அனுப்புங்கள், நானே பூசிவிடுகிறேன்.

ஐந்தாம் மாடிச் சுவரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்ததே. எதிரி கோட்டைக்குள் வந்தால் தெருவில் இறங்காமல் தப்பிக்க, வீட்டுக்கு வீடு முன்னோர் வைத்த கதவு அது. அதைத் தம்பிக்கு எதிராக அடைத்துவிட்டுப் போனீர்களே.

உங்கள் தம்பி பெண்டாட்டி ஸல்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள்: "பெரிய மச்சான் கோவம் ஆறுறதுக்குள்ள வீடு கரைஞ்சிடும்னு எழுதுங்க."

உங்கள் அன்புத் தம்பி,
கராமா


ஜித்தா,
23 பிப்ரவரி

கராமாவுக்கு ஸலாம்.

நூரியாவைப் பெண் கேட்டுவிட்டு, உன் மகனுக்குத் தரீம் ஊரில் சம்பந்தம் முடித்தாய். அன்றுதான் அந்தக் கதவை என் கையால் மண் குழைத்து அடைத்தேன். நான் சொல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஹஜ் முடிந்து நானே வருகிறேன். நானூறு வருடம் நின்ற வீடு நாலு மாதம் நிற்காதா?

அவத்


ஷிபாம்,
8 மார்ச்

அன்புள்ள அண்ணா,

மேற்கே மேகம் கட்டியிருக்கிறது. தினமும் கடப்பாரையோடு அந்த அடைப்பின் முன்னால் போய் நிற்கிறேன். அதை இடித்தால் உங்கள் மொட்டைமாடிக்கு ஏறிவிடலாம். "ஒரு உதை விட்டா விழுந்துடும். உங்களுக்குப் பயமா இருந்தா தள்ளுங்க, நான் உதைக்கிறேன்" என்கிறாள் ஸல்மா. அண்ணன் வீடு, அவர் சொல் வரட்டும் என்று அவளை அதட்டினேன். ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
கராமா


ஜித்தா,
20 மார்ச்

அருமைத் தம்பி,

உன் இரண்டு கடிதத்தையும் நூரியா எடுத்துப் படித்தாள். கடைசியில், "சித்தப்பா என்ன எதிரியா, வாப்பா?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊருக்கு வரும் ஃபரஜிடம் சாவி கொடுத்திருக்கிறேன். அடைப்பை இடித்துவிடு. ஸல்மாவை இஞ்சிக் காப்பி போட்டு வைக்கச் சொல். அந்தக் கதவு வழியாக வந்து குடிக்கிறேன்.

உன் அண்ணன்,
அவத்


ஷிபாம்,
2 ஏப்ரல்

அண்ணா,

சாவியும் உங்கள் கடிதமும் நேற்றுத்தான் வந்தன. மழை அதற்கு முன்பே வந்துவிட்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை ஸல்மா ஐந்தாம் மாடியில் படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் வீடு உட்கார்ந்தது, எங்கள் பாதியையும் இழுத்துக்கொண்டு. அவளை அன்றே அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்தோம்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். என் மேல் அதைவிடக் கோபம். கையில் கடப்பாரை இருந்தது, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் உங்கள் சொல்லுக்குக் காத்திருந்தேன்.

ஹஜ் முடிந்து வர வேண்டாம். மரச் சாவியை ஃபரஜிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுவரில் ஒரு துண்டு மட்டும் இன்னும் நிற்கிறது. நீங்கள் அடைத்த இடம். மண்ணை நன்றாகத்தான் குழைத்திருக்கிறீர்கள்.

கராமா