நீங்கள் அழித்த பன்னிரண்டு படங்கள்

யோகோஹாமா
23 ஜனவரி 2003

அன்புள்ள அம்மாவுக்கு,

செய்ஜிரோ வணங்கி எழுதுவது. நான் நலம். அங்கே எல்லாரும் நலம் என்று நீங்கள் எழுதியதில்தான் எனக்குச் சந்தேகம். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "அப்பா குளிச்சிட்டிருக்காருப்பா" என்றீர்கள். ஒரு மனிதர் எத்தனை முறைதான் குளிப்பார்? நீங்கள் சிடியில் அனுப்பிய புத்தாண்டுப் படங்களிலும் அவர் இல்லை.

அந்த வகை சிடியில் பதிந்தது அழியாது. மறுபடி பதிந்தால் பழையது மறைந்து கிடக்கும். கம்ப்யூட்டர் கடைசியாகப் பதிந்ததை மட்டும் காட்டும். பழையதையும் படிக்க வைப்பதுதான் இப்போது என் வேலை. நேற்று சோதித்துப் பார்க்க வேறு சிடி கிடைக்காமல் உங்களுடையதைப் போட்டேன்.

பக்கத்து மேஜை நுமாதா கத்தினார்: "யோவ், உங்கம்மா அழிச்ச பன்னெண்டு படமும் வந்துருச்சுய்யா! நாம ஜெயிச்சுட்டோம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு படத்தில் அப்பா, எடுக்காதே என்று கையை நீட்டுகிறார். அந்தக் கையில் ட்ரிப்ஸ் ஊசி.

கம்பளிக் காலுறையும் முள்ளங்கி ஊறுகாயும் அனுப்புங்கள். கூடவே அப்பாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும், ஏமாற்ற முடியாது. அடுத்த வெள்ளிக்குள் வராவிட்டால், மறுநாள் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து நானே குளியலறைக் கதவைத் தட்டுவேன்.

அவசரத்தில்,
செய்ஜிரோ