அப்பா எல்லை தாண்டிய நாள்

களியக்காவிளை,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஸ்மைலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் நல்ல சுகத்தோடு இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று பயப்படாதே மக்கா, போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதி விபின் கையில் கொடுத்துவிடுகிறேன், அவன் வெள்ளிக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அப்பா குரல் ஏன் சோர்ந்து இருக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம் ஜலதோஷம் என்று சொன்னேன், அது பொய், அதற்கு முதலில் மன்னித்துக்கொள்.

நீ போன மறுவருஷம் மழைக்காலத்தில், வேலியில் நின்ற அயனி மரத்தைப் பக்கத்து வீட்டுக் குமாரதாஸ் மாமா ஆள் விட்டு வெட்டினார். மரம் தன் பக்கம் என்று அவரும், நம் பக்கம் என்று அப்பாவும் வார்த்தை வளர்த்தார்கள், அப்பா கோபத்தில் ஒரு தள்ளு தள்ளினார், மாமா கல்லில் விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்துபோயிற்று. போலீஸ் கேசாகி குழித்துறை கோர்ட்டுக்குப் போயிற்று. தூக்கி உட்காரவைக்கக்கூட நாங்கள் போகவில்லை, அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த மாமாவின் தோளில் உட்கார்ந்துதானே நீ திருவட்டாறு திருவிழாவுக்குப் போவாய், பலூன் வாங்கித் தராமல் இறங்கமாட்டேன் என்று அவர் தலைமயிரைப் பிடித்து இழுப்பாயே. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் முட்டத்துக்குப் போய் மீன் வாங்கி வருவார்கள், லைட்ஹவுஸ் பாறையில் உட்கார்ந்து கதை பேசிப் பேசி மீன் கெட்டுப்போக, இரண்டு வீட்டிலும் திட்டு வாங்குவார்கள். அவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

சென்ற பிப்ரவரியில் அப்பா கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டார். முதல் குற்றம், வயதும் அறுபத்தொன்று என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல் ஒரு வருஷத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி விட்டார்கள். மாதம் ஒருமுறை நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்க வேண்டும், மாமா வீட்டாரோடு எந்த வம்புக்கும் போகக்கூடாது, அனுமதி வாங்காமல் மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது. மூன்று மாதம் ஒழுங்காகப் போய் வந்தார். அப்புறம்தான் மே மாதம் பாறசாலை மாமி மரித்துப்போனாள். அப்பாவுக்கு அவள் அக்கா மட்டுமா, தாய் போன பிறகு ஊட்டி வளர்த்தவள் அல்லவா. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவும் குமாரதாஸ் மாமாவும் நடந்தே பாறசாலைக்குப் போவார்களாம், மாமி மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி ஊற்றி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் வைப்பாளாம். அது கேரளா, வேறு மாநிலம் என்று எங்களில் யாருக்குத் தோன்றியிருக்கிறது? செய்தி வந்ததும் பஸ் ஏறிவிட்டோம், பத்திரத்தின் ஞாபகமே இல்லை.

அன்றைக்கென்று அலுவலர் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்ததால் குமாரதாஸ் மாமாவிடம் கேட்டிருக்கிறார், அப்பா பாறசாலைக்குப் போயிருக்கிறார் என்று மாமா சொல்லிவிட்டார். அடுத்த வாரம் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அப்பாவைப் பார்க்கவேண்டுமே, ஒடிச்ச கைக்குப் பழிவாங்கிட்டான், இப்பவே போய் நாலு வார்த்தை கேக்கணும் என்று எழுந்தார். நான் வாசலில் குறுக்கே நின்றுவிட்டேன். பிறகு நாகர்கோவிலில் ஒரு சினேகிதர் வீட்டில் கொஞ்ச நாள் ஒளிந்திருக்கலாம் என்று துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் பையை நான் பிடுங்கிக்கொண்டு, மறுநாள் அவரையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டு வளாகத்தில் இருக்கிற இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன்.

அங்கே இந்துஜா என்று ஒரு வக்கீல், உன் வயதுதான் இருக்கும். ஒளிச்சா வாரண்டு வரும் அண்ணாச்சி, அப்புறம் நான் என்ன சொன்னாலும் கோர்ட்டு நம்பாது, சம்மன்ல போட்ட தேதிக்கு நீங்களே வந்து நில்லுங்க என்றாள். சபைப் போதகரிடம் அடக்க ஆராதனைக்குக் கடிதம் வாங்கி வரச் சொன்னாள். காய்ச்சல் ஆஸ்பத்திரி என்று கதை கட்டவேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு வாசலை மட்டும் மிதிக்காதீர்கள் என்றாள். அப்பா அப்போதும், அவன்தானே சொல்லிக் கொடுத்தான் என்று முனகினார். அந்தப் பெண் அலுவலரின் அறிக்கை நகலை எடுத்து விரலை வைத்து வாசித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் குமாரதாஸ் கூறியது, சத்தியநேசன் தலைமறைவாகவில்லை, வளர்த்த அக்காள் இறந்ததால் அடக்கத்துக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் திரும்பிவிடுவார், அதற்கு நான் பொறுப்பு. அந்தக் கடைசி வார்த்தையை அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார், நான் கூப்பிடவில்லை.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா, நிபந்தனை தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும்மா, கையெழுத்துப் போட்டவன் நான்தான், ஆனா அக்கா மரிச்சான்னு கேட்டதும் எனக்குப் பேப்பரு ஞாபகம் வரல்ல, தப்புதான் என்றார் அப்பா. பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று வக்கீல் சொல்லியிருந்தாளே. முதல் தவறு என்று ஐம்பது ரூபாய் அபராதம் போட்டு, பத்திரம் தொடரட்டும், இனி எங்கே போவதானாலும் முதலில் மனு கொடுங்கள் என்று கண்டித்து விட்டார்கள். வெளியே வந்து இரண்டு பேரும் ஒரு டீயைப் பங்கு போட்டுக் குடித்தோம், இரண்டாவது வாங்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

போன வாரம் மாமிக்கு ஜெபக்கூட்டம். இந்தத் தடவை மனு எழுதி, அனுமதி வாங்கி, அந்தக் காகிதத்தை அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். முன் சீட்டில் குமாரதாஸ் மாமா உட்கார்ந்திருந்தார், அவரும் அங்கேதான் வருகிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. பாறசாலை வந்தது. இறங்கும்போது மாமாவால் வலது கையால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை, தடுமாறினார். பின்னால் நின்ற அப்பா அவர் முழங்கையைத் தாங்கி, பாத்து எறங்குலே என்றார். இரண்டு வருஷத்தில் முதல் வார்த்தை. மாமா இறங்கி நின்று, அக்கா இருந்தா ரெண்டுபேருக்கும் அடி விழுந்திருக்கும்லா என்றார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள், நான் பின்னால் போனேன்.

இனி உனக்கு ஒன்று சொல்லவேண்டும் மக்கா. அங்கே எந்த ஆபீஸ் காகிதம் வந்தாலும் முழுதும் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே, விளங்காவிட்டால் விளங்கினவரிடம் கேள், வெட்கப்படாதே. ஏதாவது தப்பு வந்துவிட்டால் ஒளிக்காதே, எங்களிடமும் ஒளிக்காதே. நானும் இனி ஒளிக்கமாட்டேன். ராத்திரி டியூட்டி என்றால் சாப்பிட்டுவிட்டுப் போ. இதைப் படித்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லுவார், சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் கேள். குமாரதாஸ் மாமாவுக்கு ஒரு போன் பண்ணு, நம்பர் பழையதுதான்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மருமகனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அம்மா,
நேசம்மாள்