தாலியில் மாட்டிய ஊக்கு

கிள்ளான், 1989, ஞாயிறு இரவு

என் பெரிய பேரன் வக்கீலாகிவிட்டான். பேத்தி டீச்சர். ஷா ஆலம் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருக்கும் சின்னப் பேரன் குமரன் இன்று கடலோடு மல்லுக்கட்டினான்.

நேற்று மோரிப் கடலோரத்தில் குளித்தபோது அவன் மனைவி செல்வியின் தாலிக்கயிறு அறுந்து விழுந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண். அதிலிருந்து சாப்பிடவே இல்லை.

உலோகம் தேடும் மிஷின் இரண்டைக் குமரன் இரவல் வாங்கி வந்தான். முதலாவது, என் வீட்டு வாசல் மண்ணில் ஆணிக்கு ஒரு சத்தம், மோதிரத்துக்கு ஒரு சத்தம் என்று பிரித்துச் சொன்னது. மோரிப்புக்கு மூன்று பேரும் போனதும், உப்பு ஊறிய மணலில் சும்மாவே அலறியது. இரண்டாவதுக்கு உப்பு ஒரு பொருட்டில்லை. ஆனால் தகரத்துக்கும் தங்கத்துக்கும் ஒரே கத்தல். தோண்டத் தோண்ட சோடா மூடிதான்.

"பழைய இரும்புக் கடை போட்டுரலாம் லா," என்றேன். செல்வி சிரிக்கவில்லை.

அடுத்து ஓர் ஊக்கு வந்தது. "திரும்பவும் இரும்புதான் பாட்டி," என்று குமரன் வீசப் போனான்.

"ஐயோ, வீசாதீங்க! என் தாலியில மாட்டியிருந்த ஊக்குங்க அது!"

அதே குழிக்குள் இன்னும் ஆழமாகக் கை விட்டான். மஞ்சள் கயிறு வந்தது, தாலியோடு.

கண்ணை மூடினால் கட்டில் அலைபோல் ஆடுகிறது. தண்ணீருக்கடியில் எங்கோ அந்த மிஷின் இன்னும் பாடுகிறது. இரண்டு பேரும் சுங்கை பூலோ வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் சாப்பிட்டிருப்பாள். குமரா, புதுக் கயிற்றில் கோத்துக் கட்டியதும், அவள் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பிவிடு.