நான் துடைத்த லென்ஸில் தெரிந்த மோதிரங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, போனில் என்றால் நீ அழுவாய், நான் திட்டுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

வயிற்று வலிக்கு டாக்டரைப் பாருங்கள் என்று நீ ஐந்து மாதமாகச் சொன்னாய், வெறும் வாயு, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நான் கத்தினேன். முப்பத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரி மைக்ராஸ்கோப்புகளைப் பழுது பார்ப்பவன், அதையும் யாரிடமும் படிக்காமல் தானாகக் கற்றவன் என்ற திமிர். அம்மா என் ஸ்க்ரூடிரைவர் பெட்டியை ஒளித்து வைத்த பிறகுதான் போனேன். குழாய் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். லேப் டாக்டரம்மா இரைப்பையில் புற்று என்று முடிவைச் சொன்னதும், நான் சர்வீஸ் செய்த மைக்ராஸ்கோப்பில்தானே பார்த்தீர்கள், நானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். பாவம், காட்டினார். மோதிரம் மோதிரமாகத் தெரிந்தது. செல்லுக்குள் கோழை நிறைந்து உப்பி, நடுவில் இருக்க வேண்டிய கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடுமாம், பார்க்க முத்திரை மோதிரம் போல இருப்பதால் அதுவே பெயராம். பெரும்பாலும் இரைப்பைப் புற்றில் வரும், சில சமயம் குடலிலும் மார்பிலும்கூட வரும் என்றார். உப்பிக்கொண்டு அடுத்தவரை ஓரம் தள்ளுவது என் குணமாயிற்றே, வயிற்றுக்குள்ளும் போய்விட்டது போல.

நான் விடுவேனா, லென்ஸில் தூசி என்று சொல்லித் துடைத்தேன், போகவில்லை. கண் வைக்கும் லென்ஸைத் திருகிப் பாருங்கள், தூசி என்றால் கூடவே சுற்றும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே என்றார். சுற்றவில்லை. அப்படியானால் கண்ணாடிக்கு அடியில் காற்றுக்குமிழி, வேறு ஸ்லைடு போடுங்கள் என்றேன். மூன்று போட்டார்கள், மூன்றிலும் அதே மோதிரங்கள். "ஐயா, உங்க மைக்ராஸ்கோப் நல்லாத்தான் இருக்கு" என்றார். இத்தனை வருடத்தில் என் வேலைக்கு அங்கே கிடைத்த முதல் பாராட்டு.

வரும் புதன்கிழமை இரைப்பையை எடுக்கிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, மற்றதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை நீ. இது சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். உன் பெரியப்பா நாற்பத்திரண்டு வயதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனபோது, அல்சர் என்று எல்லோருக்கும் அடித்துச் சொன்னவன் நான்தான். அதைக் கேட்டதும் டாக்டர் உன் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, வாயுவாக இருக்கும் என்று போன மாதம் நீ அம்மாவிடம் சொன்னாயாமே. வாயு என்பது என் வார்த்தை, அதை எடுத்துக்கொள்ள உனக்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. குழாய் விட்டுப் பார்க்கச் சொல், வழிவழியாக உனக்கும் வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தையும் கொடு. என்னைப் பார்க்க அவசரமாக ஓடி வராதே, முதலில் உன்னைப் பரிசோதித்துக்கொண்டு பிறகு வா.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். மறக்காதே, இந்த வாரமே போ. அங்கே யார் என்ன சொன்னாலும் லென்ஸைத் துடைக்கச் சொல்லாதே.

உன் பிடிவாதக்கார அப்பா