வலது சிறுநீரகமும் மாரிகுப்பம் ரயிலும்

அப்பா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் விட மாட்டேன். "பாப்பா எழுதினா கொஞ்சம் பாலிஷ் ஏறிடும்" என்று நீ எல்லோரிடமும் சொல்வாயே, அதனால்தான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

இன்று பீரோவின் மேல்தட்டைத் துடைத்தபோது உன் ஸ்கேன் கவர் கிடைத்தது. ஃபிலிமை உருவியதும் புது பிளாஸ்டிக்கும் ஆஸ்பத்திரித் தரையும் கலந்த அந்த வாசனை அப்படியே வந்தது. ஆட்டிப் பார்த்தேன். இன்னும் தகரம் மாதிரி சத்தம் போடுகிறது. ஒரு மூலையில் மடிந்த தடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அம்மாவுக்குப் பாதிதான் தெரியும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஃபேக்டரியில் வருடாவருடம் நடக்கும் பரிசோதனையில் உன் வலது சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பெரிய நெல்லிக்காய் அளவு. உனக்கு வலியே இல்லை. "வலிக்காத பொருளுக்கு இன்னாத்துக்கு பெங்களூர்?" என்று கேட்டாய். அம்மா பையில் துணியை அடுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் நமக்கு வாய்த்த சர்ஜன் அம்மா உன் தோள் உயரம்தான் இருந்தார். சிறுநீரகம், மூத்திரப்பை இவற்றில் வரும் கட்டிகளை எடுப்பது மட்டுமே அவர் வேலை. கட்டியை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டு மீதிச் சிறுநீரகத்தை அப்படியே விட்டுவிடுவேன் என்றார். எடுத்ததை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேறொரு டாக்டர் இருக்கிறார், ஓரம் வரைக்கும் கட்டி பரவியிருக்கிறதா என்று அவர்தான் சொல்வார் என்றார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். "டாக்டரம்மாவுக்கு நீ இன்ஸ்பெக்‌ஷனா?" என்று நீ கிண்டல் செய்தாய்.

இன்ஸ்பெக்‌ஷனை ஆரம்பித்தது நீதான் அப்பா. ஃபேக்டரியில் உன் வேலை மார்க்கிங். டிராயிங்கைப் பார்த்து இரும்புப் பிளேட்டில் கோடு போட்டு, பஞ்ச் அடித்துக் கொடுப்பாய். அதன் பிறகுதான் கட்டிங் டார்ச் அதைத் தொடலாம். வீட்டிலும் உனக்கு அதே புத்தி. கிறிஸ்துமஸ் கேக்கை அம்மா வெட்டப்போனால் "இரு, இரு" என்று என் ஸ்கேலை எடுத்துவந்து சென்டர் லைன் போடுவாய்.

அப்படிப்பட்ட உன் கையில் ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு நர்ஸ் இந்தக் கவரைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்றால் என்ன ஆகும்? அம்மா கேன்டீனுக்குப் போயிருந்தாள். நீ ஃபிலிமை வராந்தா ஜன்னலில் பிடித்து, உடம்பை வட்டவட்டமாக வெட்டிக் காட்டிய அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

"பாப்பா, இதானே கட்டி?"

"ஆமாப்பா."

"எந்தப் பக்கம் கீது?"

"லெஃப்ட்ல."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"ரைட்டுன்னாங்க."

நீ ஃபிலிமை இறக்கினாய். உன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. "இது டாப் வியூ. முப்பது வருசமா டிராயிங் பாக்கறேன், எனுக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல நல்ல கிட்னில கத்தி வெக்கப் போறாங்க."

இங்கேதான் எனக்குச் சாதகமில்லாத இடம் வருகிறது. டாக்டரைக் கேட்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரியவர்கள் செய்த தப்பை நாம் இருவரும் கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. "ஆமாப்பா, மாறித்தான் போச்சி" என்றேன். நீ என்னை நம்பினாய். "டிராயிங்கயே மாத்தி வெச்சிக்கினு கீறவங்ககிட்ட இன்னா கேக்கறது? வா, ஊட்டுக்குப் போலாம்" என்று ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் உன் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தாய்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் நம் ஊருக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலுக்கு எப்போதும் போல் கூட்டம். நம்மூர்க்காரர்கள் ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடிப்பார்கள். உன்னிடம் கர்ச்சீப் இல்லை. கையிலிருந்த கவரை வீசினாய். நாம் முண்டியடித்து ஏறிப் போய்ப் பார்த்தால் கவர் ஒரு பக்கம், ஃபிலிம் ஒரு பக்கம். எதிர் சீட்டில் சாப்பாட்டு கேரியரோடு உட்கார்ந்திருந்தவர் ஃபிலிமையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இன்னா தலைவா, சீட்டுக்கு கர்சீப் போடுவாங்க, துண்டு போடுவாங்க. நீ கொடலயே எடுத்துப் போட்டுக்கீற!"

அந்த நிலையிலும் நீ சிரித்தாய். "அவசரத்துக்கு இதான் கெடச்சிது சார்" என்றாய்.

ரயில் நகர்ந்தது. மூலை மடிந்த ஃபிலிமை நிமிர்த்த ஜன்னல் வெயிலில் பிடித்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு பெரிதாக ஒன்று படுத்திருந்தது. லிவர். ஆறாம் வகுப்புப் பரீட்சையில் புத்தகப் படத்தை வைத்து லிவர் இடது பக்கம் என்று எழுதி ஒரு மார்க்கை இழந்தவள் நான். புத்தகத்தில் இருக்கும் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறான் என்று சயின்ஸ் மிஸ் அப்போது சொன்னார். அந்த ஒரு மார்க்கை நான் மறக்கவே இல்லை.

"அப்பா, எல்லாருக்கும் லிவர் ரைட்டுலதான் இருக்கும்."

"இருக்கட்டும். அதுக்கு இன்னா?"

"இதுல உன் லிவர் லெஃப்ட்ல இருக்கு."

"என் மேனுஃபேக்சரிங்லயே மிஸ்டேக்கா?"

"இல்லப்பா. நாமதான் தப்பாப் பாக்கறோம்னு நெனைக்கறேன். நான் ஆமான்னு சொன்னது தப்பு."

கேரியர்காரர் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நீ ஃபிலிமை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாய். அதற்குள் அம்மாவின் ஃபோன் வந்தது. ஸ்பீக்கர் போடாமலே மூன்று சீட்டுக்குக் கேட்டது: "இன்னா மனுசன் நீ! இட்லி வாங்கினு வர்றதுக்குள்ள கட்டிலக் காலி பண்ணிட்டியே! கொழந்தைய எங்க இட்டுனு போன?"

"டீ குடிக்க" என்றாய். உடனே ரயில் ஊதியது.

கே.ஆர்.புரத்தில் இறங்கினோம். இறங்கும்போது கேரியர்காரர், "போய் நல்லா கேட்டுக்கினு வாங்க. சீட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். எந்த ரயிலில், எந்த நாளைக்கு என்று நீயும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எல்லி ஹோகித்ரி?" என்று சர்ஜன் அம்மா கன்னடத்தில் கேட்டார். எங்கே போனீர்கள் என்று. திரும்பி வராமல் இருந்திருந்தால் அடுத்த தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார். நீ டீ என்று சொல்லவில்லை. உண்மையையே சொன்னாய். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஃபிலிமை வாங்கிக்கொண்டு உனக்கும் எனக்கும் புரிகிற அரைகுறைத் தமிழில் சொன்னார்: "நீங்க தலை மேலேர்ந்து பாக்கறீங்க. நாங்க பேஷன்ட் கால் பக்கம் நின்னு பாக்கறோம். உலகம் பூரா அப்படித்தான்."

உனக்கு அது போதவில்லை. கட்டிலில் ஏறி நீட்டிப் படுத்தாய். "பாப்பா, கால்மாட்டுல போய் நில்லு. என் சோத்துக் கை உனுக்கு எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்."

நீ எழுந்து உட்கார்ந்தாய். "சரிங்க மேடம். டிராயிங் கரெக்ட்டு. ஆனா மார்க்கிங் போடாம கட்டிங் பண்ணக் கூடாது."

"நாங்களும் போடுவோம். நீங்க முழிச்சிருக்கும்போதே" என்றார் அவர்.

மறுநாள் காலை ஊதா பேனாவால் அவரே உன் வலது விலாவில் ஓர் அம்பு வரைந்தார். நீ குனிந்து பார்த்து, "சென்டர் லைன் இல்லியே" என்றாய். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை உன்னிடம் நீட்ட, அம்புக்குப் பக்கத்தில் நீ ஒரு டிக் போட்டாய். தள்ளுவண்டியில் போகும்போது கதவு வரைக்கும் அந்த டிக்கைத்தான் காட்டிக்கொண்டு போனாய்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. மார்ஜின் க்ளியர். வெட்டிய ஓரத்தில் கட்டி இல்லை. "சுத்தி அலவன்ஸ் விட்டு வெட்டிக்கீறாங்க. நல்ல கை" என்று, வேலைக்குத் திரும்பியதும் ஷிஃப்ட் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாயாம். பேத்தமங்களா ஏரிக்கு மீன் வாங்கப் போனபோது மீன்காரரிடமும் தழும்பைக் காட்டினாய். அவர் மீனைத் துண்டு போடும்போது நீ கோடு சொன்னாய்.

இரண்டு வருடம் அப்படி இருந்தோம். பிறகு கட்டி நுரையீரலில் வந்தது. இந்த முறை கத்திக்கு இடமில்லை என்று மாத்திரை கொடுக்கும் டாக்டர் சொன்னார். அவரிடமும் நீ கால் பக்கமா, தலைப் பக்கமா என்று கேட்டாய். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி, பொறுமையாகக் காட்டினார். மாத்திரைக்குக் கட்டி எட்டு மாதம் கட்டுப்பட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை, நீ போய்விட்டாய். அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மறைக்க அல்ல. அதில் உன் சிரிப்பு குறைவு.

என்னிடம் தங்கியிருப்பது இதுதான். யாராவது எனக்கு நேர் எதிராக ஒன்றைச் சொன்னால், நீ எங்கே நின்று பார்க்கிறாய் என்று கேட்டுவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டதற்கு, அடுப்புப் பக்கம் நின்று பார்க்கிறேன், நீயும் வந்து நில் என்றாள். போய் நின்றேன். இன்னொன்றும் இருக்கிறது. எனக்குத் தெரியாததற்கு ஆமாம் சொல்வதில்லை. இரண்டு முறை தவறிவிட்டேன், அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

உன்னை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த எட்டு மாதம் அல்ல. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்த காலைதான். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரியும் வரை வேலை நடக்கிறது, அணைத்தால் முடிந்தது என்று காவலாளி சொன்னார். அம்மா கண்ணை மூடி ஜெபித்தாள். நான் மூடவில்லை. நோட்டைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கால் மணிக்கும் 'எரிகிறது' என்று எழுதினேன். பதினாறு முறை எழுதியிருக்கிறேன். பதினேழாவது வரியில் எழுத்து கோணிப் போயிருக்கிறது:

விளக்கை அணைத்துவிட்டார்கள்.