சன்னல் மூலை விரிசல்

நவம்பர் 20, வியாழன்
மழை விட்டது. துணி எதுவும் காயவில்லை. மாமியார் படுக்கும் அறையில், சன்னல் மூலையிலிருந்து தரை வரை சாய்வாக ஒரு விரிசல். வீடு கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. பக்கத்து மனையில் கலா வீட்டார் புது வீட்டு அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிய பிறகுதான் இது. அவர்கள் வேலைதான்.
விரிசலின் குறுக்கே காகிதம் ஒட்டித் தேதி போட்டேன். பார்ப்போம்.

நவ. 23, ஞாயிறு
காகிதம் கிழிந்திருக்கிறது. அறைக் கதவும் மூடவில்லை, கீழே இடிக்கிறது.
வேலியோரம் கலாவைப் பிடித்தேன். "உங்க பள்ளத்தாலதான் எங்க வூடு எறங்குது."
"இன்னாக்கா பேசற? ஆறடி தள்ளிதான தோண்டியிருக்கோம்."
"பொய் சொல்லாதடி" என்றேன். அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.
வாங்க: கொசுவத்தி, அத்தை மாத்திரை.

நவ. 25, செவ்வாய்
நானும் கலாவும் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. திருவாண்டார்கோயில் வரை முதுகைத்தான் பார்த்தேன்.
மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னால் என் வீட்டுக்காரர் ரவி, "இன்னாத்துக்கு? பூசிட்டா போவுது" என்கிறார். இரண்டாவது தடவை. விரிசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?

நவ. 27, வியாழன்
லீவு. நானே மேஸ்திரியை வரவழைத்தேன். மூலையில் தோண்டினார். நாலடிக்குக் கீழே மக்கிய வைக்கோல், கரும்புச் சோகை, கறுப்புச் சேறு. பழைய எருக்குழி.
"மத்த மூணு மூலையும் கெட்டி மண்ணுல நிக்குது. இது மட்டும் எறங்குது. செவுரு பொளக்காம இன்னா பண்ணும்?"
ரவி தலையைக் குனிந்துகொண்டார். "வூடு கட்டறப்பவே குழியப் பாத்தேன். மழ வந்துடும்னு அவசரம். மண்ணப் போட்டு மூடிட்டேன். தாங்கும்னு நெனச்சேன்."
தெரிந்தே பெற்ற தாயை அங்கே படுக்க வைத்திருக்கிறார். அத்தை கட்டிலைக் கூடத்துக்கு இழுத்தேன். ரவியோடு பேச்சில்லை.

நவ. 28, வெள்ளி
மேஸ்திரி குழியின் ஓரத்தைத் தேடினார். வேலிக்கு அடியில் போகிறது, கலா மனைக்குள். "அவங்க மூணடிதான் தோண்டியிருக்காங்க. சேறு அதுக்கும் கீழ."
நாளைக்கு அங்கே கான்கிரீட்.
"சொல்லாத. அசிங்கமாப் பூடும்" என்றார் ரவி.
போனேன். கலா கை கட்டி நின்றாள். "இன்னாக்கா, மறுபடியும் சண்டைக்கா?"
"தப்பு எங்களுது. கீழ எருக்குழி இருக்கு. நாளைக்கு கான்கிரீட் போடாதீங்க."
"வேலைய நிறுத்த இது ஒரு வழியா?"
நம்பவில்லை. நம்பும்படி நான் எப்போது பேசினேன்.
அவர்கள் கடப்பாரையையே எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். சில குத்து கெட்டி மண். அப்புறம் சத்தமே இல்லாமல் முழ நீளம் உள்ளே போனது. உருவினால் முனையில் கறுப்புச் சேறு, வைக்கோல்.
கலா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி வந்து, அடுத்த இடத்தில் குத்திப் பார்க்கக் கடப்பாரையை வாங்கினாள்.